வெட்டாமலே குறையும் ஓய்வூதியம்

(ஓய்வூதியர் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, அரசுப் பணியிலேயே தலை நரைத்த பெரியோர்களே, வணக்கம்.

ஓய்வூதியச் சீர்திருத்தம் என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 2003 ஏப்ரல் 1ஆம் தேதியாகத்தான் இருக்கும். அன்று முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, ஊதியத்தில் ஒரு பங்கைப் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்புத் திட்டம்தான் என்றானது. 2004 ஜனவரியில் மத்திய அரசும் அதே வழியில் போனது. முப்படையினரை மட்டும் தொடவில்லை. பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தது. ராஜஸ்தானும் இமாசலப் பிரதேசமும் பழைய திட்டத்துக்குத் திரும்பின. கடைசியில் மத்திய அரசே இறங்கி வந்தது. 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி உறுதி என்று 2025 ஏப்ரலில் இன்னொரு திட்டத்தைத் தொடங்கியது. குரல் கொடுத்தவர்களுக்குப் பாதி வழியாவது கிடைத்தது. இதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

நான் பேச வந்தது, குரலே எழாமல் நடக்கும் இன்னொரு வெட்டைப் பற்றி.

மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியம் 1995 ஆகஸ்ட் 15 அன்று மாதம் 75 ரூபாயில் தொடங்கியது. 2007இல் அதை விரிவாக்கி இந்திரா காந்தி பெயரைச் சூட்டியபோது மத்தியப் பங்கு 200 ரூபாய். 80 வயதைத் தொட்டவர்களுக்கு 2011இல் 500 ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு இன்றும் அதே 200தான். இடையில் 200 ரூபாய்க்கென்று ஒரு புது நோட்டே அச்சடித்து விட்டார்கள். தொகை மட்டும் நகரவில்லை.

இதை யாரும் குறைக்கவில்லை. மசோதா இல்லை, அரசாணை இல்லை. விலைவாசி ஏறட்டும் என்று சும்மா இருந்தார்கள். அதுவே வெட்டு.

எவ்வளவு வெட்டு என்று அளக்க, விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்ட உங்களுக்குத் தரும் அகவிலைப்படியே போதும். ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் 2016 ஜனவரியில் அது பூஜ்யம். 2024 ஜனவரியில் 50 சதவீதம். அதாவது 2016இல் 1000 ரூபாயில் ஓடிய குடும்பத்துக்கு 2024இல் 1500 வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டது. தமிழகத்தில் 1962இல் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2011இல் 1000 ஆனது. அடுத்த உயர்வு 2023இல், 1200. மத்தியப் பங்கைவிட மாநிலம் பல மடங்கு தருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இங்கும் 12 ஆண்டு காத்திருந்ததற்குக் கிடைத்தது 200 ரூபாய்.

பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014இல் 1000 ஆனது. பத்தாண்டு கடந்தும் அசையவில்லை. மாதாமாதம் பணம் கட்டிச் சேரும் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 2015இல் 18 வயதில் சேர்ந்த பையனுக்கு 60 வயது ஆவது 2057இல். அன்று அவனுக்கு உறுதி செய்திருப்பது அதிகபட்சம் மாதம் 5000 ரூபாய். 2057இல் 5000 ரூபாய்க்கு என்ன வாங்க முடியும் என்று யாராவது சொல்லுங்கள்!

பிரான்சில் 2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கியபோது லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். பிரிட்டனில் 1980இல் தாட்சர் அரசு செய்தது வேறு. ஓய்வூதியம் ஊதிய உயர்வோடு சேர்ந்து ஏறும் விதியை எடுத்துவிட்டு, விலைவாசியோடு மட்டும் கட்டியது. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக வலித்தது. அங்கே விலைவாசியோடாவது கட்டினார்கள். இங்கே எதோடும் கட்டவில்லை.

ஏன் கட்டவில்லை? பணமில்லை என்பது பாதி பதில். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், இன்று இன்னும் கூடுதல். செலவு பெரிதுதான், மறுக்கவில்லை. மீதிப் பாதி அரசியல். தொகை தானாக உயர்ந்தால் யார் படத்தைப் போட்டு விளம்பரம் செய்வது? உரிமையாக ஏறுவதற்கு நன்றி சொல்ல ஆளில்லை. அறிவித்துக் கொடுப்பதற்கு மேடை உண்டு.

அந்த 1200 ரூபாயை வாங்குவதையும் பாருங்கள். விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை. மகன் இருக்கிறானா, அவன் சம்பாதிக்கிறானா என்ற கேள்வி. எல்லாம் தாண்டிப் பணம் வந்தால், வங்கி முகவர் கையடக்கக் கருவியோடு தெருமுனையில் உட்கார்ந்திருப்பார். நாற்று நட்டும் பீடி சுற்றியும் ரேகை தேய்ந்த விரல். பாட்டி அதைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைப்பார், கருவி ஏற்காது. "பதியவில்லை பாட்டி, நாளைக்கு வாருங்கள்." நம்மைவிட ஏழை நாடான நேபாளம் 1990களிலேயே ஏழ்மைச் சோதனை இல்லாமல் வயதை மட்டும் பார்த்துக் கொடுக்கத் தொடங்கியது. 2021இல் அதை மாதம் 4000 நேபாள ரூபாய் ஆக்கினார்கள். நம் கணக்கில் 2500.

உங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். ஆண்டுக்கு இருமுறை உங்களுக்கு அகவிலைப்படி உயரும்போது, அதே சதவீதம் அதே தேதியில் முதியோர் உதவித்தொகைக்கும் உயர வேண்டும். நம் பங்கு குறைந்துவிடுமோ என்று உங்கள் பொதுக்குழுவில் எதிர்ப்பு வரும், தெரியும். முன்வரிசையில் இரண்டு பேர் இப்போதே தலையாட்டி மறுக்கிறீர்கள். கேள்வி நேரத்தில் முதலில் நீங்களே எழுந்து பேசுங்கள்.