தாய்மண் உடையக் கூடாது

வணக்கம் நேயர்களே. மொட்டைமாடியில் தொட்டி வைத்திருக்கிறவர்கள் பலர் என்னிடம் கேட்கிற ஒரு கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நர்சரியில் தளதளவென்று நின்ற கன்று, வீட்டுக்கு வந்து தொட்டி மாற்றியதும் நாலே நாளில் ஏன் தலை சாய்ந்துவிடுகிறது? மண் சரியில்லை, தண்ணீர் உப்பு, கைராசி இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் காரணம் வேரில்தான் இருக்கிறது, அதுவும் நாம் மாற்றி நட்ட அந்த ஐந்து நிமிஷத்தில்.

நான் முதன்முதலில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்று அப்படித்தான் போனது. கருப்புக் கவரைக் கிழித்தால் உள்ளே கட்டியான செம்மண். இவ்வளவு நல்ல கலவை தயார் செய்து வைத்திருக்கிறோம், இந்தக் கட்டி மண் எதற்கு என்று அதை உதிர்த்து, போதாததற்கு வாளித் தண்ணீரில் அலசி, வெறும் வேரோடு நட்டேன். மூன்றாம் நாள் இலை தொங்கியது, ஒரு வாரத்தில் குச்சிதான் மிச்சம். நர்சரிக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தாய்மண்ணை உடைச்சிட்டீங்களாம்மா?"

கன்று எந்த மண்ணில் வளர்ந்ததோ அதுதான் தாய்மண். நம் கண்ணுக்குத் தெரிகிற தடித்த வேர் செடியைப் பிடித்து நிறுத்துகிறது, ஆனால் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் நுனிப் பக்கத்தில் இருக்கும் மயிரிழை போன்ற வேர்த்தூவிகள். அவை மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் மண்ணை உதிர்த்தால் சேர்ந்தே அறுந்துவிடும். மேலே இலை வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது, கீழே குடிக்க வாய் இல்லை. அப்புறம் எத்தனை குடம் ஊற்றினாலும் என்ன பயன்?

அதனால் நடுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே கவரில் தண்ணீர் விட்டு வையுங்கள், காய்ந்த மண் பொலபொலவென்று உதிரும். தண்டைப் பிடித்து இழுக்காமல், கவரின் பக்கவாட்டில் பிளேடால் கீறி, அடியில் உள்ளங்கையைக் கொடுத்து அப்படியே தூக்கி வையுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ரொம்ப நாள் நர்சரியிலேயே இருந்த கன்றுக்கு வேர் கவருக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும். அதை அப்படியே வைத்தால் புது மண்ணிலும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் அடிப்பக்கத்தை மட்டும் விரலால் மெல்லப் பிரித்துவிட வேண்டும்.

எவ்வளவு ஆழத்தில் நடுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பழைய மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் மிளகாய், கத்தரி, கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும். தக்காளி மட்டும் வேறு சாதி. அதன் தண்டிலிருந்தே வேர் விடும், ஆகவே கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுக் கழுத்து வரை புதைத்தாலும் சந்தோஷமாக வளரும்.

கலவைக்கு நான் செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்கு எடுத்துக்கொண்டு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் சேர்ப்பேன். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு முறையாவது ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது கலவையைவிட முக்கியம்! இன்னொன்று, நாலு இஞ்ச் உயரக் கன்றை எடுத்தவுடன் பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். அவ்வளவு மண்ணில் இருக்கிற ஈரத்தை அந்தக் குட்டி வேரால் குடித்து முடிக்க முடியாது, மண் நசநசவென்று கிடந்து வேர் அழுகும். வளர வளர அடுத்த அளவுக்கு மாற்றுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடியில் குழித்தட்டில் போட்ட தக்காளி 25 நாளில் தொட்டிக்குத் தயாராகிவிடும், கத்தரிக்கும் மிளகாய்க்கும் இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூடப் பிடிக்கும். எதுவானாலும் வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள், ராத்திரி முழுக்க அதற்கு ஓய்வு கிடைக்கும். முதல் நான்கைந்து நாள் நிழல், பிறகு காலை வெயில் மட்டும் இரண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எங்கள் மதுரை வெயிலில் சித்திரை, வைகாசி மாதம் என்றால் பச்சை நிழல்வலை இல்லாமல் மாடியில் வைக்கவே கூடாது.

தண்ணீரை மணி பார்த்து ஊற்றாதீர்கள், விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் சும்மா விடுங்கள். மதிய வெயிலில் இலை லேசாகத் தொங்கி, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது தாகம் இல்லை. அதைப் பார்த்துப் பதறி ஊற்றி ஊற்றியே எத்தனையோ கன்றுகளை வேரழுக விட்டிருக்கிறோம்.

உரத்துக்கும் அவசரம் வேண்டாம், நட்ட அன்றைக்கே எதையும் கரைத்து ஊற்றாதீர்கள். நுனியில் புதுத் துளிர் தெரிந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளியுங்கள். கறிவேப்பிலை என்றால் அந்தத் துளிரைத் தாளிக்கக் கிள்ளிவிட வேண்டாம். செடி ஒரு மீட்டர் உயரம் வரட்டும், அப்போது நுனியை ஒடித்துவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து வரும், வீட்டுக்கு வேண்டிய இலையை அதிலிருந்து பறித்துக்கொள்ளலாம்.