தீயிடம் பாடம் படித்த ஊர்: கவகோயேவில் ஒரு வசந்த நாள்

(காட்சி: ரயில் ஜன்னல். மடியில் குழந்தை.)

டோக்கியோவின் இகெபுகுரோ நிலையத்தில் தோபு தோஜோ பாதை ரயில் ஏறினால், சுமார் அரை மணி நேரத்தில் கவகோயே வந்துவிடும். சைத்தாமா மாகாணத்தில் இருக்கிறது. 'கொஎதோ', அதாவது 'சின்ன எடோ' என்று இந்த ஊருக்குச் செல்லப்பெயர். எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்.

பிள்ளைகள் இருவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏப்ரல் தொடக்கத்தில் போனோம். மார்ச் கடைசியில் விரியத் தொடங்கும் செர்ரிப் பூக்கள் அப்போது உதிர ஆரம்பித்திருந்தன.

வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கடைத்தெருவுக்குப் போகிறார்கள். நான் கிதா-இன் கோயிலில் தொடங்கச் சொல்வேன். ஊரின் கதை அங்கேதான் பிடிபடும்.

(காட்சி: கோயில் தோட்டம், தொங்கும் கிளைகளோடு செர்ரி மரம்.)

1638-இல் இந்தக் கோயில் எரிந்துபோனது. அப்போது ஆண்ட ஷோகன் தொகுகாவா இயமித்சு, எடோ கோட்டையில் இருந்த தன் மாளிகையின் பகுதிகளையே பிரித்து இங்கே அனுப்பிவைத்தார். அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் அறையும், அவரை வளர்த்த செவிலித்தாய் கசுகா நோ சுபோனேயின் அறையும் அப்படி வந்தவை. எடோ கோட்டையின் மாளிகைகள் பிறகு தீயிலும் நிலநடுக்கத்திலும் அழிந்தன. தீயால் இடம் மாறியவை மட்டும் தப்பின. அம்மா அந்தப் பாயில் உட்கார்ந்துகொண்டு, தோட்டத்தைப் பார்த்தபடி வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

பிள்ளைகளுக்கு வெளியே ஐநூறு ரக்கான்கள், அதாவது புத்தரின் சீடர்களின் கற்சிலைகள். 1782 முதல் 1825 வரை செதுக்கியவை. ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் அழுகிறார், ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதோ கிசுகிசுக்கிறார். 'நம்ம தாத்தா மாதிரி யார் இருக்காங்க?' என்று கேட்டுவிடுங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

(காட்சி: கறுப்புச் சுவர்கள், கனத்த ஓட்டுக் கூரைகள்.)

சரி, இப்போது இச்சிபான்காய் தெரு. மின்கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டுபோய்விட்டதால் மேலே வானம் மட்டும்தான். கீழே கார்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நடைபாதையும் குறுகல். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

இங்கே முதலில் ஓசாவா வீட்டைத் தேடுங்கள். 1792-இல் கட்டியது. 1893 மார்ச் 17 அன்று, இதே வசந்த காலத்தில், பெருந்தீ பரவி ஊரின் மூன்றில் ஒரு பங்கு சாம்பலானது. மர வீடுகள் வரிசையாக எரிந்த தெருவில், மண்சுவர் எழுப்பிய சில கட்டடங்களோடு ஓசாவா வீடும் நின்றது. வணிகர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். எடோவோடு செய்த வியாபாரத்தில் சேர்ந்த பணம் கையில் இருந்தது. 'குராசுக்குரி' என்னும் இந்தப் பாணியிலேயே கடைகளை மறுபடி எழுப்பினார்கள்.

மரச்சட்டத்தில் மூங்கிலைப் பின்னி, அதன்மேல் மண்ணைப் படை படையாக அப்புவார்கள். ஒரு படை காய்ந்தபிறகுதான் அடுத்தது. கடைசியில் புகைக்கரி கலந்த சுண்ணச்சாந்து பூசினால் இந்தக் கறுப்பு வரும். ஜன்னல் கதவின் ஓரத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள்: படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கும். இரண்டு கதவும் ஒன்றோடொன்று பல் பொருந்துவதுபோல மூடிக்கொள்ளும். மிச்சம் இருக்கும் இடுக்கை அடைக்க வீட்டில் எப்போதும் குழைத்த மண் வைத்திருப்பார்கள். அலங்காரம் என்று நாம் நினைப்பது, உள்ளே புகை புகாமல் இருக்கச் செய்த வேலை.

சில அடி தள்ளி தோகி நோ கானே, மணிக்கூண்டு. சுமார் 16 மீட்டர் உயரம். அதுவும் அந்தத் தீயில் எரிந்தது. தங்கள் வீடு போன மக்கள் மறு ஆண்டே அதை மீண்டும் நிறுத்தினார்கள். இன்றும் காலை 6, பகல் 12, மாலை 3, 6 என நாளைக்கு நான்கு முறை ஒலிக்கிறது.

(காட்சி: மிட்டாய்ச் சந்து.)

அப்புறம் காஷியா யோகோச்சோ. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோவின் மிட்டாய்ப் பட்டறைகள் அழிந்தபோது, இந்தச் சந்துதான் அங்கே தின்பண்டம் அனுப்பியது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு, கருப்புச் சர்க்கரை பூசிய மொறுமொறு ஃபுகாஷி கிடைக்கும். என் மகன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கை எந்த வடிவத்தில் கிடைத்தாலும் சாப்பிடுங்கள். படகில் எடோவுக்குப் போன கிழங்கு அது. எடோக்காரர்கள் அதைப் 'பதின்மூன்று ரி' என்று கூப்பிட்டார்கள். ரி என்பது ஜப்பானின் பழைய தூர அளவு. 'குரி' என்றால் செஸ்ட்நட், ஒன்பது ரி என்றும் பொருள். 'யோரி' என்றால் 'விட', நான்கு ரி என்றும் கேட்கும். ஆக, 'செஸ்ட்நட்டை விட ருசி' என்று சொன்னாலே ஒன்பதும் நாலும் பதின்மூன்று! ஒரு ரி சுமார் நான்கு கிலோமீட்டர். எடோவுக்கும் கவகோயேவுக்கும் அன்று சொன்ன தூரமும் பதின்மூன்று ரிதான்.

(காட்சி: ஆறு.)

கடைசியாக, ஹிகாவா கோயிலுக்குப் பின்னால் ஷிங்காஷி ஆறு. இரு கரையும் செர்ரி மரங்கள். உதிர்ந்த இதழ்கள் ஒட்டிக்கொண்டு மொத்தமாக நகர்வதை ஜப்பானியர்கள் 'ஹனா இகாதா' என்பார்கள். அப்படியே தமிழில் சொன்னால் பூத்தெப்பம். மகள் கரையில் குந்தியிருந்து, ஒரு தெப்பம் வளைவைத் தாண்டும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.