கடைசிக் கட்டத்தில் பேசுபவர் அம்மா

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புக்குரிய நண்பர்களே, மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகளைக் கரையில் நிறுத்திவிட்டு இந்தத் தங்கச்சிமடம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

வளர்ந்த பிள்ளைகளை அதட்டி ஆளும் அம்மாவை வைத்துச் செய்தித்தாள் படக்கதைகள் சிரிப்பது தாய்மைக்கு இழுக்கா, இல்லையா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், பெற்றவளின் குறையை நாள்தோறும் அச்சடித்து ஊருக்குக் காட்டுவது நன்றிகெட்ட செயல் என்றார். மகன்கள் கையில் பேனா இருந்தது, தாய்மார் கையில் இல்லை, அதனால்தான் இந்தக் கேலி பிறந்தது என்றும் சொன்னார். அந்தக் கோபத்துக்குள் இருக்கும் தாய்ப்பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் பழித்த படக்கதைகளைக் கையில் எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தால், சிரிப்பு யார் மேல் போய் விழுகிறது என்பது வேறாக இருக்கிறது. அதைத்தான் இந்த அவையில் எடுத்துவைக்க வந்திருக்கிறேன்.

அவர் முதலில் குற்றக்கூண்டில் ஏற்றியது அமெரிக்க ஓவியர் மெல் லாசரஸ் 1970ஆம் ஆண்டு தொடங்கிய 'மாம்மா' என்னும் படக்கதையை. அதில் வரும் அம்மாவின் பெயர் சோனியா ஹாப்ஸ். கணவரை இழந்த சின்னஞ்சிறு கிழவி. மூத்தவன் தாமஸ் திருமணமாகித் தனிக்குடித்தனம் போனவன். அவன் மனைவி டீனா என்ன சமைத்தாலும் இந்த அம்மாவுக்கு நாக்கில் ஏறாது. இளையவன் ஃபிரான்சிஸ் வேலைவெட்டிக்குப் போகாமல் நாளை ஓட்டுகிறவன். மகள் மேரிலூ பழகும் ஆண்களில் ஒருவரைக்கூட அம்மாவுக்குப் பிடிப்பதில்லை. பிள்ளைகள் அனைவரும் வளர்ந்து ஆளானவர்கள். ஆனாலும் அம்மா விடுவதில்லை. இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறார்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவர் யார்? வேலை தேடாமல் அம்மாவிடம் பணம் கேட்டு வந்து நிற்கும் ஃபிரான்சிஸா, அவனுக்குச் சோறும் போட்டுப் புத்தியும் சொல்லும் அம்மாவா? வாசகன் சிரிப்பது, ஆளான பிறகும் அம்மாவின் ஒரு சொல்லுக்கு வாயடைத்துப் போகும் பிள்ளையைப் பார்த்து. அதாவது தன்னைப் பார்த்து. அம்மாவின் அதட்டல் திரியைப் பற்றவைக்கிறது என்பது உண்மை, ஆனால் வெடிப்பது பிள்ளையின் பக்கத்தில்.

ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள் என்று எதிரணியின் சகோதரி வருந்தினார். அதற்குக் காரணம் வெறுப்பு என்று அவர் எண்ணுகிறார். இந்தக் கலை வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். அங்கே சிண்டிகேட் என்னும் விநியோக நிறுவனங்கள் ஒரே படக்கதையை நூற்றுக்கணக்கான நாளிதழ்களுக்கு அனுப்புகின்றன. வார நாளில் மூன்று அல்லது நான்கு கட்டம், ஞாயிற்றுக்கிழமை வண்ணத்தில் கொஞ்சம் பெரிதாக. நேற்றைய தாளைப் பார்க்காதவனுக்கும் இன்றைய கதை புரிந்தாக வேண்டும். ஆகவே ஆட்களின் குணத்தை ஓவியர் மாற்ற முடியாது. சோம்பேறி மகன் திருந்தினால் மறுநாள் கதை இல்லை, அம்மா கண்டிப்பதை நிறுத்தினாலும் மறுநாள் கதை இல்லை. நம் தினத்தந்தியில் 1960இலிருந்து வந்துகொண்டிருக்கும் கன்னித்தீவைச் சொல்லி, முடியாத எதையும் 'கன்னித்தீவு போல' என்று நாம் பேசுகிறோமே, அந்த முடியாத தன்மைதான் நாளிதழ்ப் படக்கதையின் உயிர். தாய்க்கும் பிள்ளைக்கும் நடக்கும் வழக்கும் முடியாத வழக்கு என்பதால், இந்த வடிவமும் இந்தப் பொருளும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின. லாசரஸ் தம்முடைய சொந்த அன்னையை மனத்தில் வைத்தே சோனியா ஹாப்ஸை வரைந்தார். 2016 மே மாதம் தம் 89ஆம் வயதில் அவர் இறந்தார்; அந்தப் படக்கதையும் அதே ஆண்டு ஜூலையில் நின்றது. ஏறத்தாழ 46 ஆண்டுகள் ஒரு மகன், தன் தலைமுடி நரைத்த பின்னும், அம்மாவின் குரலைக் காதில் கேட்டு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். வெறுப்பவனால் அவ்வளவு காலம் ஒரு முகத்தை வரைந்துகொண்டிருக்க முடியுமா?

மகன்களின் கையில்தான் பேனா இருந்தது என்ற வாதத்துக்கு வருகிறேன். அதில் ஒரு பாதி உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவுக்குப் பிழைக்கச் சென்ற ஏழைக் குடும்பங்களில், தாய் வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்த பிள்ளைகள் மேலே வந்த பிறகு, அவளுடைய பேச்சையும் பழக்கத்தையும் கண்டு கூச்சப்பட்டு எழுதிய கேலிகளும் அந்த நாட்டு நகைச்சுவையில் உண்டு. அந்தக் கூச்சத்திலிருந்து பிறந்த கேலியை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் பேனா மகளின் கைக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதை எதிரணி பார்க்கத் தவறிவிட்டது.

விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த கேத்தி கைஸ்வைட் என்ற இளம்பெண், தன் வாழ்க்கையின் தவிப்புகளைச் சிறுசிறு படங்களாகக் கிறுக்கி ஊரிலிருந்த பெற்றோருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வீட்டுக் கடிதத்தோடு போன கிறுக்கல்கள் அவை. அவருடைய தாய் ஆன் அதோடு விடவில்லை. இதை ஒரு சிண்டிகேட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று மகளைப் பிடித்து நெருக்கினார். மகள் அனுப்பினார். 1976 நவம்பரில் 'கேத்தி' என்ற படக்கதை வெளிவரத் தொடங்கி, உச்சத்தில் ஏறத்தாழ 1,400 நாளிதழ்களில் வந்தது. 1992ஆம் ஆண்டுக்கான ரூபன் விருது, அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர்களின் உயரிய விருது, அவருக்குக் கிடைத்தது. அந்தக் கதையில் எடையையும் உடையையும் கல்யாணத்தையும் பற்றி மகளை ஓயாமல் குடைந்தெடுக்கும் அம்மாவுக்கும் ஆன் என்றே பெயர். ஐயா, பிள்ளை கேட்காமலேயே தலையிட்ட ஒரு தாயின் பிடிவாதத்தால்தான் அந்தப் படக்கதையே பிறந்திருக்கிறது. எந்தக் குணத்தைக் கேலி செய்து தாய்மையைச் சிறுமைப்படுத்தினார்கள் என்று எதிரணி சொல்கிறதோ, அந்தக் குணத்துக்கு நன்றிக்கடனாக ஒரு மகள் 34 ஆண்டுகள் படம் வரைந்திருக்கிறார். 2010 அக்டோபரில் வந்த கடைசிப் படத்தில், தனக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கப்போகிறது என்று அந்தக் கதாநாயகி தன் தாய் தந்தையரிடம் சொல்கிறாள். குடைந்த அம்மாவின் இடத்துக்கு, குடையப்பட்ட மகளே வந்து சேருகிறாள்.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாது என்றும் சொன்னார்கள். ஒட்டுகிறதா இல்லையா என்று இந்தக் கரையை வைத்தே பார்ப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கடலில் ஆறு பேரை வைத்து வேலை வாங்கும் படகு டிரைவர், நாற்பது வயதைக் கடந்தவர், இந்த நாள்களில் வீட்டுத் திண்ணையில் வலையைப் பிரித்துப் போட்டுச் சீர்செய்துகொண்டு இருக்கிறார். அவருடைய அம்மா வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சொல். வெயில் ஏறுது, நிழலில் உட்காரு. டீயைக் குடிச்சிட்டு வேலையைப் பாரு. அந்தக் கண்ணியைச் சரியாக முடி, உங்கப்பா அப்படி முடிய மாட்டார். மருமகள் அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார், பேரப்பிள்ளைகள் வெளிப்படையாகவே சிரிக்கிறார்கள், டிரைவர் ஒன்றும் பேசாமல் முடிச்சை அவிழ்த்து மறுபடி போடுகிறார். இந்தக் காட்சியை நாலு கட்டம் போட்டு வரைந்தால் அது எந்த நாளிதழிலும் ஓடும். அதில் அந்த ஆத்தாவுக்கு என்ன இழுக்கு வந்துவிட்டது?

கடலுக்குப் போகும் காலத்திலும் அப்படித்தான். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதற்கு முன்னாலேயே இங்குள்ள அம்மாக்கள் வீட்டில் கூண்டு ஏற்றிவிடுகிறார்கள். கச்சான் காற்று பலமாக அடிக்கிறது, இன்றைக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் போட வேண்டாம் என்கிறார்கள். மகன் முணுமுணுக்கிறார், கூட வேலைக்கு வருபவர்கள் கேலி பேசுகிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயலின் இரவைச் சிறுமியாக இருந்து கண்டவர்கள் இன்றைக்குப் பாட்டிகளாக நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அதட்டுவதற்குக் காரணம் ஊருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஊர் சிரிக்கிறது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடா நாட்டில் கடை நடத்தும் மகனை உம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்கிறார். அந்த மகன் அதை நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். யாரோடும் பகிரத் தோன்றாத அளவுக்கு அலுத்துப்போன அம்மாவைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை.

நம் இதழ்களின் பக்கம் திரும்புகிறேன், ஏனென்றால் என் மனத்தை உறுத்துவது அங்கேதான் இருக்கிறது. ஆனந்த விகடன், குமுதம் போன்ற நம் வார இதழ்களின் நகைச்சுவைத் துணுக்குகளில் பல பத்தாண்டுகளாக யாரைப் பார்த்துச் சிரித்தோம்? மாமியாரைப் பார்த்து. அம்மாவைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் துணிவில்லை. மாமியார் என்பவர் யார்? இன்னொருவரின் அம்மா. ஒரே பெண்ணை இரண்டாக வெட்டி, கண்ணீரையும் தியாகத்தையும் அம்மா என்ற பாதிக்குக் கொடுத்துக் கோவிலில் வைத்தோம். பிடிவாதத்தையும் கோபத்தையும் நாக்கின் கூர்மையையும் மாமியார் என்ற பாதிக்குக் கொடுத்துத் துணுக்குப் பக்கத்தில் போட்டோம். கோவிலில் வைத்த அம்மா பேசுவதில்லை. துணுக்கில் போட்ட மாமியாரை நாம் விரும்புவதில்லை. சோனியா ஹாப்ஸோ, தாமஸுக்கு அம்மாவாகவும் டீனாவுக்கு மாமியாராகவும் ஒரே உடம்பில் நிற்கிறார். பாசமும் அவரிடம்தான் இருக்கிறது, பிடுங்கலும் அவரிடம்தான் இருக்கிறது. அவரை முழு மனுஷியாகப் பார்த்துச் சிரிப்பதற்கும், பாதியாக வெட்டி மருமகளுக்குப் பகையாக்கிச் சிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நடுவர் அவர்கள் எடைபோட வேண்டும். தாய்மைக்கு இழுக்கு எங்கே நடந்தது என்று தேடினால், அந்த வெட்டில்தான் நடந்தது.

எதிரணியின் சகோதரி இறுதியாக என்னை நேரே பார்த்து ஒரு கேள்வி கேட்டார். உங்கள் அம்மாவை ஒருவர் இப்படி நாள்தோறும் நாளிதழில் வரைந்தால் ஒப்புக்கொள்வீர்களா என்றார். ஒப்புக்கொள்வேன், சகோதரி. வரைகிறவர் அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவராக இருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் பேசுபவர் அம்மாவாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால், முதல் பிரதியை வாங்கிக்கொண்டு போய் அவர் கையிலேயே கொடுப்பேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.