ஃபால்அவுட்: கேமிலிருந்து தொடர் எதை எடுத்துக்கொண்டது?

முதல் சீசனின் கடைசி எபிசோடு வரைக்கும் இந்த வீடியோவில் பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: பாலைவனத்தில் நீல நிற வால்ட் உடையில் நடக்கும் தொடரின் நாயகி லூசி]

2077 அக்டோபர் 23. ஃபால்அவுட் உலகத்தில் அணுகுண்டுகள் விழுந்த நாள். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோனது. மிச்சமிருந்த நிலத்தில்தான் 1997-இல் வந்த முதல் கேமிலிருந்து நாம் சுற்றிக்கொண்டிருக்கிறோம். 2024 ஏப்ரலில் அமேசான் பிரைமில் தொடர் வந்தபோது என் பயம் ஒன்றுதான்: யாரை நாயகனாக வைத்து எடுக்கப் போகிறார்கள்?

ஏனென்றால் இந்த கேம்களில் நாயகன் என்று யாரும் நிலையாக இல்லை. முதல் கேமில் வால்ட் 13 என்ற நிலத்தடிப் பதுங்குமிடத்திலிருந்து, தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவிக்கான சிப் தேடிக் கிளம்புகிறோம், 150 நாள் கெடு. மூன்றாவதில் அப்பாவைத் தேடுகிறோம், நான்காவதில் மகனை. பெயர், முகம், குணம் எல்லாம் நாம் வைப்பதுதான். ஒருவர் ஊரைக் காப்பாற்றுவார், இன்னொருவர் அதே ஊரைக் கொளுத்திவிட்டுப் போவார். இதில் எந்தக் கதையைப் படமெடுத்தாலும் பாதிப் பேருக்கு அது அவர்கள் விளையாடிய கதையாக இருக்காது.

தொடரை எடுத்தவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. எந்த கேமின் கதையையும் தொடாமல், எல்லா கேம்களுக்கும் பிறகு, 2296-இல் புதிதாக ஒரு கதையைத் தொடங்கினார்கள். கேமிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது இடத்தை. இடிந்த ஊர்களுக்காக நமீபியாவின் கோல்மன்ஸ்கோப் வரைக்கும் போனார்கள். வைரச் சுரங்கத்துக்காகக் கட்டி, பிறகு கைவிட்ட ஊர் அது. இப்போது வீடுகளுக்குள்ளேயே மணல் மேடு கிடக்கிறது. செட் போட்டு அந்த மணலைக் கொண்டுவர முடியாது.

சரி, இடம் என்றால் வெறும் இடிபாடு மட்டுமா? இல்லை. மூன்றாவது கேமை விளையாடியவர்களுக்குத் தெரியும். ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் தோட்டா தேடி நுழைகிறோம். ஒரு கட்டிலில் இரண்டு எலும்புக்கூடுகள், ஒன்றை ஒன்று அணைத்தபடி. யாரும் எதுவும் சொல்வதில்லை, அதற்காக ஒரு மிஷனும் கிடையாது. குண்டு விழப்போகிறது என்று தெரிந்த கடைசி நிமிடத்தில் அந்த இருவரும் என்ன செய்தார்கள் என்பது நமக்கே புரிகிறது. ஃபால்அவுட் கதை சொல்லும் விதமே இதுதான். பொருள்களை விட்டுவைக்கும், கோர்த்துப் பார்ப்பது நம் வேலை.

[திரையில்: வால்ட் 32-இன் இருண்ட நடைபாதை]

தொடரில் இந்த வேலையைச் செய்வது லூசி இல்லை, மாக்சிமஸ் இல்லை, வால்டன் காகின்ஸ் அசத்திய கூப்பர் ஹாவர்டும் இல்லை. லூசியின் தம்பி நார்ம். அவனைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம். வெளியே அந்த மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவன் கையில் துப்பாக்கி இல்லாமல் பக்கத்து வால்ட் 32-க்குள் நுழைகிறான். உள்ளே அழுகிக் காய்ந்த பிணங்கள், சுவரில் ரத்தத்தில் எழுதிய வரி. ரெய்டர்கள், அதாவது கொள்ளைக்காரர்கள், வருவதற்கு வெகு முன்பே இவர்கள் செத்துவிட்டார்கள் என்று பிணங்களைப் பார்த்தே புரிந்துகொள்கிறான். கதவைத் திறந்தது தன் அம்மா கையில் கட்டியிருந்த பிப்-பாய் கணினி என்பதைக் கண்டுபிடிக்கிறான். அப்புறம் வால்ட்டின் தலைவரான ஓவர்சீயரின் டெர்மினலில் (பழைய கணினியில்) உட்கார்ந்து, தங்கள் வால்ட் 33-க்கு வந்த ஓவர்சீயர்கள் எல்லாருமே வால்ட் 31-இலிருந்து வந்தவர்கள் என்பதைப் படித்தெடுக்கிறான். டெர்மினல் கண்ணில் பட்டால் படிக்காமல் நகராத ஃபால்அவுட் ரசிகர் ஒவ்வொருவரும் நார்ம்தான். எட்டு எபிசோடில் கேமுக்கு மிக அருகில் வரும் பகுதி இதுவே.

இப்போது ஷேடி சாண்ட்ஸ். இங்கேதான் பழைய ரசிகர்கள் கொதித்தார்கள், அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. முதல் கேமில் அது ஒரு சின்னக் கிராமம். விவசாயமும் மாடுகளும்தான். கடத்தப்பட்ட டாண்டி என்ற பெண்ணை நாம் மீட்டு வருவோம். இரண்டாவது கேமில் போனால் அதே ஊர் ஒரு குடியரசின் தலைநகர், அதே டாண்டி வயதான ஜனாதிபதி! நம் கண் முன்னே வளர்ந்த ஊர் அது. தொடரில் அங்கே ஒரு பெரும் பள்ளம்தான் இருக்கிறது. குண்டு போட்டது லூசியின் அப்பா ஹேங்க்.

ஊரை அழித்ததை நான் ஏற்றுக்கொள்கிறேன். வால்ட்களைக் கட்டிய நிறுவனம் வால்ட்-டெக்; ஹேங்க் போன்ற அதன் ஆட்களுக்குத் தங்களைத் தவிர வேறு யாரும் நாகரிகத்தைக் கட்டியெழுப்புவது பொறுக்காது. அதை இதைவிட அழுத்தமாகக் காட்ட வழியில்லை. ஆனால் அந்தக் கரும்பலகையை ஏற்க முடியவில்லை. வால்ட் 4 வகுப்பறைப் பலகையில் ஷேடி சாண்ட்ஸின் வீழ்ச்சி 2277 என்று எழுதி, அம்புக்குறி போட்டு, பக்கத்தில் குண்டுப் புகை வரைந்திருக்கும். இன்னொரு ஃபால்அவுட் கேமான நியூ வேகஸ் நடப்பதோ 2281-இல், அதில் அந்தக் குடியரசு ஹூவர் அணைக்காகப் படையோடு நிற்கிறது. நியூ வேகஸுக்குப் பிறகுதான் குண்டு விழுந்தது என்று தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரான டாட் ஹாவர்ட் பின்னால் விளக்கினார். அப்படியே இருந்தாலும், பேட்டியில் விளக்க வேண்டிய நிலைக்கு அதை விட்டிருக்கக் கூடாது. பலகையில் குண்டு விழுந்த வருடத்தையும் எழுதியிருந்தால் போதும். அந்த உலகத்தின் நாணயமான ஒவ்வொரு பாட்டில் மூடியையும் அவ்வளவு அக்கறையாகச் செய்தவர்களிடம் இதை எதிர்பார்ப்பது நியாயம்தான்.

தொடரைப் பார்த்துவிட்டு கேமுக்கு வருகிறவர்கள் நான்காவதில் தொடங்குங்கள், கை பழகுவது சுலபம். அப்புறம் நியூ வேகஸ். கிராஃபிக்ஸ் 2010-ஐச் சேர்ந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள், கதைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஃபால்அவுட் 76 ஆன்லைன் கேம், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். எதில் தொடங்கினாலும் மிஷன் அம்புக்குறியின் பின்னாலேயே ஓடாதீர்கள். வழியில் வரும் கட்டடங்களுக்குள் நுழையுங்கள், டெர்மினல்களைப் படியுங்கள்.