சைக்கிளில் போன சங்கேதத் தந்தி

அவைத் தலைவர் அவர்களே, கூட்டத்தைத் தொடங்கிவைத்த முன்னாள் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்டுப் போன கர்னல் ஐயா அவர்களே, இந்த ஒரு நாளுக்காக மாதக்கணக்கில் அலைந்த மன்றச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் செல்பேசியோடு இருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். துணைவேந்தர் ஐயா என்னை அறிமுகப்படுத்தும்போது "ஹாட்லைன்காரர்" என்றார், பகை நாடுகளுக்கு நடுவே நேரடித் தொடர்புக் கம்பி வேண்டும் என்று ஓயாமல் பேசுவதால். கேலிதான். ஆனாலும் அவர் வாயால் வந்ததால் பட்டமாகவே வாங்கிக்கொள்கிறேன். இன்னொரு நன்றி, ஒலிபெருக்கியைச் சரிசெய்து கொடுத்த தம்பிக்கு. அவர் இல்லாவிட்டால் கர்னல் ஐயாவுக்கு மட்டும்தான் இங்கே குரல் இருந்திருக்கும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ஆயுதக் கட்டுப்பாடும் போர்த் தடுப்பும். மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆயுதங்களைக் குறைக்கிற ஒப்பந்தங்கள் ஒன்று. ஆயுத வியாபாரம் இரண்டு. பகை நாடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற வழி மூன்று. நான் எங்கே போய் நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முறையாக முதலாவதிலிருந்தே வருகிறேன்.

1899. ரஷ்யாவின் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் அழைத்ததன் பேரில் 26 நாடுகள் ஹேக் நகரில் கூடின. ஆயுதப் பெருக்கத்தை நிறுத்துவதுதான் நோக்கம். அது நடக்கவில்லை. உடலுக்குள் போய் விரிகிற தோட்டாவைத் தடை செய்தார்கள். பலூனிலிருந்து குண்டு போடுவதையும் தடை செய்தார்கள், ஆனால் ஐந்தே வருடத்துக்கு! அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. பதினைந்தே வருடத்தில் முதல் உலகப் போர் வந்தது, விஷ வாயு வந்தது. அதற்கு மருந்தாக 1925இல் ஜெனீவா நெறிமுறை. அதிலும் ஒரு வேடிக்கை. விஷ வாயுவைப் பயன்படுத்தக் கூடாது என்றார்கள், செய்யக் கூடாது, வைத்திருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைக்கிற ரசாயன ஆயுத ஒப்பந்தத்தில் 1993இல்தான் கையெழுத்தானது. நாடுகள் தாங்களே கணக்குக் காட்டிய கையிருப்பில் கடைசிப் பகுதியை அமெரிக்கா அழித்து முடித்தது 2023 ஜூலையில். நெறிமுறையிலிருந்து கணக்குப் போட்டால் 98 வருடம்.

அணு ஆயுதத்துக்கு வந்தால் 1968இன் பரவல் தடை ஒப்பந்தம். ஐந்து நாடுகள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் செய்யக் கூடாது. அந்த ஐந்தும் ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. அந்த நல்லெண்ணம் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் சேரவே இல்லை. வடகொரியா 2003இல் விலகுவதாக அறிவித்தது.

கர்னல் ஐயா சற்று முன், "ஒப்பந்தம் எல்லாம் வெறும் காகிதம்" என்றார். களம் கண்டவர், மறுத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 1987இல் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட நடுத்தரத் தூர ஏவுகணை ஒப்பந்தத்தால் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வாளர்கள் சோவியத் நாட்டின் வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலை வாசலிலேயே குடியிருந்தார்கள். வெளியே வருகிற ஒவ்வொரு பெரிய வண்டியும் அவர்கள் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். சோவியத் ஆய்வாளர்கள் அதே மாதிரி அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மாக்னாவில் உட்கார்ந்திருந்தார்கள். பரம எதிரியின் தொழிற்சாலை வாசலில், அவன் சம்மதத்தோடு, வருடக்கணக்கில்! அந்த ஒப்பந்தமும் 2019இல் செத்துப்போனது. கட்ட எத்தனை வருடமோ, கலைக்க ஒரு கடிதம் போதும். அந்த வகையில் ஐயா சொன்னது சரி.

அப்படியானால் ஒப்பந்தம் இருக்கும்போதும் இல்லாதபோதும் எது காப்பாற்றுகிறது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இதைத்தான் நான் மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

1962 அக்டோபருக்கு வாருங்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்க உளவு விமானம் படம் பிடித்துவிட்டது. அமெரிக்க அதிபர் கென்னடி கடலில் முற்றுகை போட்டுவிட்டார். பதிமூன்று நாள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்போது இந்த இரண்டு பெரிய நாடுகளும் எப்படிப் பேசிக்கொண்டன தெரியுமா?

வாஷிங்டனில் சோவியத் தூதர் அனதோலி டோப்ரினின். தலைநகருக்கு அவசரமாகச் சேதி அனுப்ப வேண்டும். முதலில் அதைச் சங்கேத மொழிக்கு மாற்ற வேண்டும். மாற்றியாயிற்று. அப்புறம்? தூதரகத்திலிருந்து நேராக மாஸ்கோவுக்கு அனுப்ப வழி கிடையாது. வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்துக்குப் போன் போடுவார்கள். கல்யாண வாழ்த்தும் பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்புகிற அதே நிறுவனம்தான். அங்கிருந்து ஒரு பையன் சைக்கிளில் வருவான். மணி அடிப்பான். உலகம் இருக்குமா போகுமா என்கிற விஷயம் எண்களாக ஒரு தாளில் இருக்கும், அதை அவன் கையில் கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொண்டு மிதித்துக்கொண்டே போவான். வழியில் எந்தப் பெண்ணோடாவது பேச நின்றுவிடாமல் நேராக அலுவலகம் போக வேண்டுமே என்று வேண்டிக்கொள்வோம் என்று டோப்ரினினே பிற்பாடு எழுதியிருக்கிறார்!

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பையனுக்கு அன்றைக்கு டயர் பஞ்சரானால்? மழை பெய்தால்? அவன் முதலாளி, "முதலில் அந்தத் திருமண வாழ்த்தைக் கொடுத்துவிட்டு வா" என்றால்? அந்தப் பக்கமும் இதே கதைதான். சோவியத் தலைவர் குருஷ்சேவ் அக்டோபர் 26இல் கொடுத்த நீண்ட கடிதம் வாஷிங்டனுக்கு முழுதாக வந்து சேர ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆனது. 28ஆம் தேதி, ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சம்மதித்தபோது, இந்தத் தாமதத்தை நம்ப முடியாமல் பதிலை மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வல்லரசுக்கு நடுவே இருந்த ரகசியத் தொடர்பை விட ரேடியோ செய்தி வேகமாகப் போனது!

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் ஹாட்லைன். 1963 ஜூன் 20இல் ஒப்பந்தம், ஆகஸ்ட் 30இல் வேலை செய்யத் தொடங்கியது. சினிமாவில் வருகிற சிவப்புத் தொலைபேசியை மறந்துவிடுங்கள், அது ஒரு டெலிபிரிண்டர், இங்கே தட்டச்சு செய்வதை அங்கே அச்சடிக்கிற இயந்திரம். வாஷிங்டனிலிருந்து லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியாக மாஸ்கோவுக்குக் கம்பி. அவரவர் மொழியில் அவரவர் எழுதுவார்கள். கோபத்தில் குரல் உயர்ந்து காரியம் கெடக்கூடாது என்றுதான் எழுத்து. இன்னொன்றையும் கவனியுங்கள். ஜூனில் ஹாட்லைன் ஒப்பந்தம், ஆகஸ்ட் 5இல் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம். பேசுவதற்கான சம்மதம் முதலில் வந்தது, ஆயுத ஒப்பந்தம் பின்னால் வந்தது. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1967 ஜூனில் மத்தியக் கிழக்குப் போர். அமெரிக்காவின் லிபர்ட்டி கப்பலை இஸ்ரேல் தாக்கிவிட்டது. உதவிக்கு அமெரிக்கப் போர் விமானங்கள் கிளம்புகின்றன. பக்கத்திலேயே சோவியத் கப்பல்கள். நம்மைத் தாக்கத்தான் வருகிறார்கள் என்று அவர்கள் நினைத்திருந்தால்? அமெரிக்க அதிபர் ஜான்சன் உடனே ஹாட்லைனில் மாஸ்கோவுக்கு விவரம் சொன்னார். காரியம் முடிந்தது. வாயுள்ள பிள்ளை பிழைத்தது.

வாய் திறந்தும் காது கேட்காவிட்டால்? 1995 ஜனவரி 25. நார்வேயில் துருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட் விட்டார்கள். முன்கூட்டியே ரஷ்யாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தகவல் ரேடார் முன்னால் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அமெரிக்க ஏவுகணையோ என்று பதறி, ரஷ்ய அதிபர் எல்த்சினின் அணுப் பெட்டியை, அதாவது அணுத் தாக்குதலுக்கு உத்தரவு கொடுக்கிற பெட்டியைத் திறக்கிற வரைக்கும் போய்விட்டது. எங்கோ ஒரு மேசையில் தேங்கிய கடிதம்!

இந்தியாவும் பாகிஸ்தானும் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, இவற்றைத் தாக்க மாட்டோம் என்று. 1992இலிருந்து விடாமல் நடக்கிறது. கார்கில் வந்தது, மும்பைத் தாக்குதல் வந்தது, பட்டியல் நிற்கவில்லை. பாலிஸ்டிக் ஏவுகணையை, அதாவது உயரே போய் வளைந்து விழுகிற வகையைச் சோதிக்கும் முன் சொல்லிக்கொள்வது என்று 2005இலும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் 2022 மார்ச் 9இல் இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் விழுந்தது பிரமோஸ் ஏவுகணை, அது விமானம் மாதிரி தாழப் பறக்கிற குரூஸ் வகை. ஒப்பந்தத்தில் அந்த வகை இல்லை. பராமரிப்பின்போது தொழில்நுட்பக் கோளாறு என்று இந்தியா பகிரங்கமாகச் சொன்னது இரண்டு நாள் கழித்து. நல்ல வேளை, அதில் வெடிகுண்டு இல்லை.

2023 பிப்ரவரியில் தன் வான்வெளிக்குள் வந்த சீன பலூனை அமெரிக்கா சுட்டது. சுட்ட கையோடு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் சீனப் பாதுகாப்பு அமைச்சரோடு பேச விரும்பினார், சீனத் தரப்பு மறுத்துவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவே கம்பி இருந்தது, எடுக்கத்தான் ஆள் வரவில்லை.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இரண்டாவது விஷயம், ஆயுத வியாபாரம், பாக்கி இருக்கிறது. 2013இல் ஐ.நா. சபை ஏற்ற ஆயுத வர்த்தக ஒப்பந்தம் பற்றியும், உலக ராணுவச் செலவு 2024இல் 2,71,800 கோடி டாலரைத் தொட்டது பற்றியும் குறிப்பு எடுத்து வந்தேன். அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும், செயலாளர் அவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

இப்போது நான் கேட்பது இதுதான். எல்லையில் தகராறு இருக்கிற ஒவ்வொரு இரண்டு நாட்டு ராணுவத்துக்கும் நடுவே நேரடிக் கம்பி இருக்க வேண்டும். அது தினமும் சோதிக்கப்பட வேண்டும். வாஷிங்டனும் மாஸ்கோவும் மணிக்கு மணி சோதித்தார்களே, அது மாதிரி. அழைத்தால் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், கோபமாக இருக்கும் நாளில் இன்னும் கட்டாயமாக. தவறி ஒரு ஏவுகணை கிளம்பினால், எந்த வகையாக இருந்தாலும், நிமிடக் கணக்கில் சொல்லியாக வேண்டும். ஆயுதத்தைக் குறைக்கச் சொன்னால் நீ முதலில், நான் முதலில் என்று தகராறு வரும். இதில் யாரும் எதையும் இழக்கப் போவதில்லை. செலவு என்று பார்த்தால் ஒரு போர் விமானத்துக்கு மாட்டுகிற டயர் காசு கூட ஆகாது என்று கர்னல் ஐயாவே தேநீர் வேளையில் என்னிடம் சொன்னார், மேடையில் சொல்லவில்லை.

தினமும் சோதிக்கிற நேரடிக் கம்பி, அழைத்தால் எடுப்பது, தவறினால் உடனே சொல்வது, இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி ஐ.நா.வின் ஆயுதக் குறைப்பு அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறோம். தாள் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. பெயரைப் படிக்கிற மாதிரி எழுதுங்கள், வெறும் கிறுக்கலாகப் போட்டால் கணக்கில் சேராது. முதல் கையெழுத்து யாருடையது என்று கேட்டபோது கர்னல் ஐயா இங்கே உட்கார்ந்தபடியே தலையாட்டினார். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இப்போதே சொல்லிவிடட்டும். நன்றி, வணக்கம்.