வேலை இருக்கிற நாய்

(எங்கள் ஊர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த, இன்றைக்கும் நான் எழுந்து நின்றே பேச விரும்பும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, விடியற்காலையில் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே, பின்வரிசையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிற அலாஸ்காவில் நாய்வண்டிப் பந்தயம், அதாவது பனியில் சறுக்குவண்டியை நாய்கள் இழுத்து ஓடும் பந்தயம், பார்த்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். மூன்று விஷயம் பேசப்போகிறேன். பந்தயம் எப்படி வந்தது, பார்க்கப் போகிறவர் குளிருக்கு என்ன உடுத்த வேண்டும், அந்த நாய்கள் எப்படிப்பட்டவை.

எங்கள் அம்மாயி ஒரு பழமொழி சொல்வார். 'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை.' சும்மா சுற்றும் எங்களைத் திட்டுவதற்கு. அந்தப் பழமொழி முழுதும் பொய்யாகிப் போன ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

1925 ஜனவரியில் நோம் என்கிற கடலோரச் சிற்றூரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து நெனானா வரைக்கும் ரயிலில் வந்துவிட்டது. அதற்கு அப்பால் 674 மைல், ரயில் கிடையாது, கடல் உறைந்து கிடக்கிறது. இருபது வண்டிக்காரர்கள், ஏறத்தாழ 150 நாய்கள், கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுசேர்த்தார்கள். கடைசிக் கட்டம் ஓடிய பால்டோ என்கிற நாய்க்கு நியூயார்க்கில் சிலை இருக்கிறது. ஆனால் அதிக தூரமும் ஆபத்தான கட்டமும் ஓடியது டோகோ என்கிற நாய். அந்தப் பெயரையும் மனதில் வையுங்கள். பனி ஸ்கூட்டர்கள் வந்து நாய்வண்டி மறையத் தொடங்கிய காலத்தில், அது அழியக்கூடாது என்று ஜோ ரெடிங்டன் என்பவர் பாடுபட்டு 1973 இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை இடிடராட் பந்தயத்தைத் தொடங்கினார். ஆயிரம் மைல் என்பார்கள், 1,600 கிலோமீட்டர். முதல் பந்தயத்தில் ஜெயித்தவருக்கு இருபது நாள் ஆனது, இப்போது ஒன்பது, பத்து நாளில் முடிக்கிறார்கள்.

சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். மகள் சியாட்டிலில் இருக்கிறாள், அங்கிருந்து மூன்றரை மணி நேர விமானம். மார்ச் முதல் சனிக்கிழமை காலை, ஆங்கரேஜ் நடுவே நான்காவது அவென்யூ, நம் கடைவீதி மாதிரி. இரவோடு இரவாகப் பனியை லாரியில் கொண்டுவந்து தெருவில் கொட்டிப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு வருடம், 2016 இல், பனியே போதாமல் ஃபேர்பேங்க்ஸிலிருந்து ரயிலில் ஏற்றி வந்திருக்கிறார்கள்! எனக்குக் காது மரத்துவிட்டது, பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் என்னவென்றால் 'இன்றைக்கு வெயில் ஜாஸ்தி, பாவம் நாய்களுக்குக் கஷ்டம்' என்கிறார்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி புறப்படும். புறப்படுவதற்கு முன் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு நாயும் குதிக்கிறது, ஊளையிடுகிறது, வாரை இழுத்துக்கொண்டு நான்கு காலும் தரையில் படாமல் துள்ளுகிறது, பத்துப் பேர் சேர்ந்து பிடித்தாலும் வண்டி முன்னால் நகர்கிறது. கடிவாளம் கிடையாது, மூக்கணாங்கயிறு கிடையாது. 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது, வாய்ச்சொல்தான். மாடு பூட்டிய ஊர்க்காரர்கள் நாம், அதன் அருமை நமக்குத் தெரியும். ஐந்து, நான்கு, மூன்று என்று கூட்டமே சேர்ந்து எண்ணுகிறது. விட்டார்கள். அந்த நொடியில் சத்தம் நின்றுவிட்டது! ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பனியில் காலடி ஓசையும் வண்டி வழுக்கும் ஓசையும் மட்டும். கேட்டது கிடைத்துவிட்டது, இனி எதற்குக் குரைக்க வேண்டும்?

எட்டு வயதுப் பேத்தி என் கையை உதறிவிட்டுத் தடுப்புக்கு அடியில் குனிந்தாள். நான் பதறிவிட்டேன், 'ஏய் கண்ணு, வா இங்கே' என்று தமிழில் கத்தினேன், சுற்றியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு சின்னத் துணிச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நாயின் கால்விரல் இடுக்கில் பனிக்கட்டி சேர்ந்து அறுக்காமலிருக்கப் போட்டுவிடுவது, ஓட்டத்தில் கழன்று விழுந்திருக்கிறது. அவள் உள்ளங்கை அளவுதான். அன்று இரவு அதைத் தலையணை அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். காலையில் கேட்டாள்: 'தாத்தா, நம்ம ஊரு நாய்க்கு யாரு சப்பாத்து போடுவாங்க?' பதில் சொல்ல முடியவில்லை. இதோ, அந்தச் சப்பாத்து. மேடையிலிருந்து கீழே அனுப்புகிறேன், எல்லோரும் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இந்தப் பந்தயமே கொடுமை என்பவர்களும் உண்டு, நாய்கள் செத்தும் இருக்கின்றன. வழியில் மருத்துவர்கள் சோதிக்கிறார்கள், கட்டாய ஓய்வு உண்டு. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது.

இப்போது நான் சொல்ல வந்தது. நீலக்கண்ணும் அடர்ந்த முடியுமாகப் படத்தில் பார்க்கும் சைபீரியன் ஹஸ்கி நாயை எதிர்பார்த்துத்தான் போனேன். ஓடியவற்றில் பெரும்பாலானவை அப்படி இல்லை. ஒல்லியாக, நீண்ட காலோடு, ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடங்கி, நம் தெருமுனையில் படுத்திருப்பது போலவே இருந்தன. அலாஸ்கன் ஹஸ்கி என்கிறார்கள், அது கலப்பு. அழகுக்காக இல்லை, காலுக்காகவும் மனசுக்காகவும் பார்த்துப் பார்த்து வளர்த்தது.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சைபீரியன் ஹஸ்கி வாங்கினார்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கூண்டில் மூச்சிரைத்துக்கொண்டே கிடந்தது, கரண்ட் போனால் ஏசியும் இல்லை. இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை. அம்மாயி பழமொழியைத் திருப்பித்தான் சொல்ல வேண்டும்: அந்த நாய்க்கு வேலையும் இல்லை, ஓட இடமும் இல்லை. உறைபனியில் வாலை மூக்கின்மேல் சுருட்டிக்கொண்டு சுகமாகத் தூங்கும் பிராணியை நாற்பது டிகிரியில் வைத்துக்கொண்டு அன்பு என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. விற்கிறவர்கள் விற்பார்கள், நாம் வாங்க வேண்டாம். நம் மண்ணுக்கு ராஜபாளையம் இருக்கிறது, சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இருக்கின்றன, அவற்றைவிட முதலில் நம் தெருவிலேயே பிறந்த குட்டிகள் இருக்கின்றன.

உடை பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மேடைக்கு வலது பக்கம் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது, ஹஸ்கி வாங்க மாட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள். அதன் அருகே அட்டைப் பெட்டியில் நான்கு குட்டிகள், இரண்டரை மாதம், தடுப்பூசியை மருத்துவர் ஐயாவே போட்டுவிட்டார், காசு வாங்கவில்லை. மூன்று பெண், ஒன்று ஆண். கறுப்புக் குட்டிக்குப் பசி எடுத்துவிட்டது, இங்கேயே சத்தம் கேட்கிறது. பால் ஊற்றப் போகிறேன். நன்றி, வணக்கம்.