ரப்பர் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஒரு லோரா செய்தி

வணக்கம் நேயர்களே. ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 மாதிரி சின்னச் சின்னக் கணினிப் போர்டுகளை வைத்துக்கொண்டு வீட்டில் எதையாவது செய்துபார்க்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நம்ம குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள். ராத்திரி பெய்த மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டையில் விழாமல் மரத்தில் வழிந்து பரவிவிடும், அவ்வளவு தூரம் நடந்ததும் வீண். தோட்டத்தில் ஒரு மழை சென்சாரை வைத்து, ‘நனைந்திருக்கிறது’ என்று ஒரே ஒரு செய்தி வீட்டுக்கு வரவைக்க முடியுமா? வைஃபை அவ்வளவு தூரம் எட்டாது, சிம் போட்டால் ரீசார்ஜ் செலவு. இதற்கு லோரா, அதாவது சின்னச் செய்திகளைக் குறைந்த பவரில் வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறை, அருமையாகப் பொருந்தும்.

லோரா தூரம் போவது பவரால் அல்ல, நிதானத்தால். அதில் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் என்று ஒன்று உண்டு, செய்தியை எவ்வளவு நிதானமாக அனுப்புவது என்பதற்கான எண் அது, பொதுவாக 7 முதல் 12 வரை வைக்கலாம். பத்து பைட் செய்தி 7-இல் சுமார் 40 மில்லி செகண்டில் போய்விடும், 12-இல் கிட்டத்தட்ட ஒரு செகண்ட் ஆகும், ஆனால் இரைச்சலைவிட நூறு மடங்கு பலவீனமாக வந்தாலும் ரிசீவர் அதைப் பிடித்துவிடும். படமோ பாட்டோ இதில் போகாது. ஈரமா, காய்ந்ததா என்பதற்கு இது தாராளம்.

லோரா மாட்யூல், அதாவது போர்டோடு இணைக்கிற ரேடியோ துண்டு, வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள். உரிமம் இல்லாமல் நாம் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது, 1 வாட் வரை. அமெரிக்காவுக்கான 915 இங்கே கூடாது, இங்கே அந்தப் பக்கம் செல்போன் அலைகள் ஓடுகின்றன. மாட்யூல் 3.3 வோல்ட், ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட், நேராக இணைத்தால் மாட்யூல் கெட்டுப்போகலாம், நடுவில் வோல்டேஜை மாற்றித்தரும் லெவல் கன்வெர்ட்டர் போடுங்கள். ஆன்டெனா இல்லாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள்! கடைக்குப் போக வேண்டாம், 8.6 சென்டிமீட்டர் செம்புக் கம்பி போதும்.

அப்புறம், பெட்டியில் எத்தனை கிலோமீட்டர் போட்டிருந்தாலும் அது வெட்டவெளிக் கணக்கு. நனைந்த ரப்பர் இலைகள் அலையை நன்றாகவே விழுங்கும், நடுவில் ஒரு குன்று நின்றால் பெரும்பாலும் அவ்வளவுதான். அதனால் வீட்டு ரிசீவரின் ஆன்டெனாவை மொட்டைமாடியில் ஒரு கம்பத்தில் ஏற்றுங்கள், பவரைக் கூட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. காய்ந்த நாளில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாமல், நல்ல மழை கொட்டும்போது செய்தி வருகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் நமக்கு அது தேவைப்படுவதே அப்போதுதான்.